தண்ணீர் டெஸ்டுக்கு ஸ்டாண்டர்டு தயாரிக்கிறீர்களா? வாசகர் கேள்வி–பதில்

குடிநீரில் பூச்சிக்கொல்லி எச்சம் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு லேபில் வேலை பார்ப்பவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: மெஷின் காட்டுகிற எண் சரி என்று எதை வைத்துச் சொல்வது? அதனால் இந்த முறை முழுக்க ஸ்டாண்டர்டுகள் (எவ்வளவு பொருள் இருக்கிறது என்று முன்பே தெரிந்த கரைசல்கள்), சி.ஆர்.எம். என்று நாம் சுருக்கிச் சொல்கிற சான்றளிக்கப்பட்ட மேற்கோள் பொருட்கள், இவற்றைப் பற்றியே பேசிவிடலாம்.

மேடம், தனியார் நீர்ப் பரிசோதனை லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். லிண்டேன், டி.டி.டி., எண்டோசல்ஃபான் போன்ற பூச்சிக்கொல்லிகளை எல்லாம் ஜி.சி.யில் (வாயு நிறப்பகுப்புக் கருவி) பார்க்கிறோம். சர்டிபிகேட்டோடு வருகிற ஆம்பூல் (உருக்கி மூடிய கண்ணாடிக் குப்பி) விலை அதிகம் என்று நிர்வாகம் தயங்குகிறது. தூய பவுடர் வாங்கி நாங்களே கரைத்துக்கொண்டால் போதாதா?
– ஒரு வாசகி, ஈரோடு

தாராளமாகக் கரைத்துக்கொள்ளலாம், பல லேப்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் இரண்டு வேலைக்கு இரண்டு பாட்டில் வேண்டும் என்பதை முதலில் நிர்வாகத்துக்குப் புரிய வையுங்கள். இவ்வளவு பெரிய பீக் (மெஷின் வரைகிற கோட்டில் எழும் மேடு) வந்தால் இவ்வளவு மருந்து என்று மெஷினுக்குக் கற்றுக்கொடுப்பது ஒரு ஸ்டாண்டர்டு. கற்றுக்கொடுத்தது சரிதானா என்று பார்க்க இன்னொன்று, வேறு கம்பெனியிலிருந்து, அது முடியாவிட்டால் வேறு லாட்டிலிருந்தாவது (தயாரிப்புத் தொகுதி) வந்திருக்க வேண்டும். ஒரே ஸ்டாக்கிலிருந்து (அடர்த்தியான மூலக் கரைசல்) இரண்டையும் செய்தால், எடை போடும்போது நேர்ந்த பிழை இரண்டிலும் அப்படியே இருக்கும், செக் எப்போது ஓட்டினாலும் 100 சதவீதத்தை ஒட்டியே வரும். கடைக்காரர் தன் எடைக்கல்லை அதே எடைக்கல்லை வைத்துச் சரிபார்ப்பது போலத்தான் அது. ஆகவே காலிப்ரேஷனுக்கு, அதாவது மெஷினுக்குக் கற்றுக்கொடுக்க, நீங்களே கரையுங்கள், செக்குக்கு மட்டும் ஐ.எஸ்.ஓ. 17034 (மேற்கோள் பொருள் தயாரிப்பாளர்களுக்கான சர்வதேசத் தரம்) அங்கீகாரம் உள்ள தயாரிப்பாளரின் ஆம்பூலை வாங்கச் சொல்லுங்கள். இந்தச் செலவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, கரைப்பதற்கு வருவோம். வழக்கமான கணக்கு 10 மி.கி. பவுடர், 10 மி.லி. ஃபிளாஸ்க், லிட்டருக்கு 1000 மி.கி. ஸ்டாக். உங்கள் தராசு 0.1 மி.கி. வரைதான் காட்டும் என்றால், கடைசி இலக்கம் ஒன்று புரண்டாலே அங்கேயே 1 சதவீதம் போய்விடும். 0.01 மி.கி. காட்டும் தராசு வேண்டும், இல்லையென்றால் 25 மி.கி. எடுத்து 25 மி.லி.க்குப் போங்கள். சர்டிபிகேட்டில் தூய்மை 97.5 சதவீதம் என்று இருந்தால் நீங்கள் எடுத்த 10 மி.கி.யில் மருந்து 9.75 மி.கி.தான். தூய்மை 96 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருத்தம் செய்யாமலே கணக்கிடலாம் என்று அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமையின் பல முறைகள் சலுகை தருகின்றன. ஒரு பெருக்கல் போடுவதில் நமக்கு என்ன கஷ்டம், போட்டுவிடுங்கள்.

அடுத்தது வெப்பநிலை, இதைப் பெரும்பாலான லேப்கள் கண்டுகொள்வதே இல்லை. மெத்தனால் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.12 சதவீதம் விரியும், ஹெக்சேன் அதற்கும் மேல். ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் இருந்த ஸ்டாக்கை எடுத்து, அறை 28 டிகிரியில் இருக்கும்போது, அறைச் சூட்டுக்கு வரவிடாமல் உடனே 1 மி.லி. பிப்பெட் செய்தால், நீங்கள் நினைத்ததைவிட 3 சதவீதம் போல அதிக மருந்து அந்த 1 மி.லி.யில் வந்துவிடும். அது மட்டுமா, குளிர்ந்த வயலை (ஸ்டாக் இருக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) திறந்ததும் காற்றிலிருக்கிற ஈரம் உள்ளே இறங்கும். வெளியே எடுத்து, மூடியைத் திறக்காமலே, அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவையுங்கள். ஃபிளாஸ்கின் கழுத்தில் 20 டிகிரி என்று போட்டிருக்கிறதா 27 டிகிரி என்று போட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், நம் ஊர்க் கண்ணாடிகளில் 27 உண்டு. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கரைப்பானையும் எடை போட்டே சேருங்கள், எடைக்குச் சூடும் குளிரும் தெரியாது.

இன்னொன்று, உரக்கடையில் கிடைக்கும் மருந்திலிருந்து ஸ்டாண்டர்டு செய்யலாமா என்று வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது. அதில் மருந்தோடு கரைப்பானும் கலவைப் பொருட்களும் இருக்கும். தொழில்நுட்பத் தர எண்டோசல்ஃபானே ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு ஐசோமர்களின் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) கலவை. எச்.சி.எச். என்ற பூச்சிக்கொல்லி இன்னும் மோசம், இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500:2012 அதன் ஒவ்வொரு ஐசோமருக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது: காமா, அதாவது லிண்டேன், லிட்டருக்கு 2 மைக்ரோகிராம், ஆல்ஃபா 0.01, பீட்டாவும் டெல்டாவும் 0.04. ஐசோமர்களைத் தனித்தனியாக வாங்கினால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

ஈயம், ஆர்செனிக் போன்றவற்றுக்கு மேற்கோள் பொருள் தண்ணீராகவே பாட்டிலில் கிடைக்கிறது. பூச்சிக்கொல்லிக்கும் பெட்ரோலியப் பொருட்களுக்கும் மட்டும் ஏன் மெத்தனாலில், அசிட்டோநைட்ரைலில் ஆம்பூலாக வருகிறது? நாங்கள் சோதிப்பது தண்ணீரைத்தானே?
– வேதியியல் முதுகலை மாணவர், தூத்துக்குடி

நல்ல கேள்வி தம்பி, இந்தத் துறையின் மையமே இதுதான். ஈயம் தண்ணீரில் கரைந்து கிடக்கும். நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச்.சை 2க்குக் கீழே இறக்கிவிட்டால் பாட்டிலில் ஒட்டாது, வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். நீங்கள் சொல்கிற கரிமப் பொருட்களில் பலவற்றுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. பென்சோ-ஏ-பைரினை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவதே சில மைக்ரோகிராம்தான். தண்ணீரையும் கொழுப்பு போன்ற ஆக்டனாலையும் பக்கத்தில் வைத்தால் ஆக்டனால் பக்கம் பத்து லட்சம் மடங்கு அதிகமாகப் போய்ச் சேரும் பொருள் அது. இப்படிப்பட்டதைத் தண்ணீரில் போட்டு பாட்டிலில் மூடினால், கண்ணாடிச் சுவரில் ஒட்டும், மூடியில் ஒட்டும், பிளாஸ்டிக் பாட்டில் என்றால் சுவருக்குள்ளேயே ஊறிவிடும். வெளிச்சம் பட்டால் சிதையும். லேசான மூலக்கூறுகளை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். குளோரோஃபார்ம் போன்றவை மேலே கொஞ்சம் காற்று இடம் கிடைத்தாலே தண்ணீரை விட்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வாரம் கழித்துப் பாட்டிலைத் திறக்கும்போது லேபிளில் இருக்கிற எண் உள்ளே இருக்காது.

அதனால்தான் உலகம் முழுக்க ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறார்கள்: எண் நிலையாக நிற்கிற இடமான கரிமக் கரைப்பானில், பழுப்பு ஆம்பூலில் உருக்கி மூடிக் கொடுப்பது, டெஸ்ட் செய்கிற அன்று தண்ணீரில் சேர்த்துக்கொள்வது. அமெரிக்காவின் தேசிய அளவியல் நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. தருகிற 16 பல்வளைய ஹைட்ரோகார்பன்களின் (பென்சோ-ஏ-பைரின் போலப் பல வளையங்கள் சேர்ந்த கரிமப் பொருட்கள்) கலவையும் அசிட்டோநைட்ரைல் ஆம்பூல்தான்.

இந்தச் சமரசத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, பாடப்புத்தகம் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நிஜ ஆற்றுத் தண்ணீரில் இந்த மூலக்கூறுகள் தனியாக மிதந்துகொண்டிருப்பதில்லை, வண்டலிலும் மட்கிலும் நாள்கணக்கில் ஒட்டி ஊறியிருக்கின்றன. நாம் அரை மணி நேரம் முன்பு ஊற்றியது சுலபமாக வெளியே வந்துவிடும், ஊறிக் கிடப்பது வராது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இது பெரிய தலைவலியாகவே ஆனது. 2013இல் அவர்கள் திருத்திய நீர் வழிகாட்டலில் பென்சோ-ஏ-பைரினுக்கு வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு லிட்டருக்கு 0.00017 மைக்ரோகிராம், அதுவும் வடிகட்டாத முழுத் தண்ணீருக்கு. அங்கே அளவியல் நிறுவனங்கள் சேர்ந்து, மினரல் வாட்டரில் மட்கிலிருந்து வரும் ஹியூமிக் அமிலமும் வண்டல் கரைசலும் கலந்து, நிஜ ஆற்றைப் போலவே நடந்துகொள்கிற சோதனைத் தண்ணீரைத் தயாரித்துப் பார்த்தார்கள். நீங்கள் ஆராய்ச்சிக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், நம் ஆறுகளின் கலங்கல் நீருக்கு இதே மாதிரி ஒன்று செய்ய முடியுமா என்று பாருங்கள். மனசார ஆசைப்பட்டுச் சொல்கிறேன்.

ஸ்பைக் செய்ய, அதாவது தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து அளந்து பார்க்க, எந்தத் தண்ணீர் எடுப்பது? லேபின் தூய நீரில் சேர்த்தால் 95, 98 சதவீதம் என்று அழகாக மீட்பு (சேர்த்ததில் திரும்பக் கிடைக்கிற பங்கு) வருகிறது, சாம்பிளில் சேர்த்தால் 60க்கு இறங்குகிறது.
– ஆய்வக உதவியாளர், திண்டுக்கல்

அந்த 60தான் நிஜம், அதைக் கண்டு பயப்படாதீர்கள். தூய நீரில் வருகிற 98 உங்கள் கை சுத்தம் என்று காட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டையும் ஓட்டுங்கள், ரிப்போர்ட்டில் பேச வேண்டியது சாம்பிளில் வந்த எண்.

ஆனால் 60க்கு ஏன் இறங்கியது என்று தேட வேண்டும். முதலில் பி.எச். பாருங்கள். மாலத்தியான் பி.எச். 7இல் பாதியாக ஆறு நாள் போல எடுத்துக்கொள்ளும், பி.எச். 9இல் அரை நாளே போதும். போர் தண்ணீர் 8க்கு மேல் இருந்தால் காலையில் ஸ்பைக் செய்து மறுநாள், மருந்தைத் தண்ணீரிலிருந்து கரைப்பானுக்குப் பிரித்தெடுக்கிற எக்ஸ்ட்ராக்‌ஷன் செய்கிற பழக்கம் உங்களைக் கவிழ்த்துவிடும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின், அது குளோர்பைரிபாஸை ஆக்சன் என்ற வேறு பொருளாக மாற்றிவிடும், நீங்கள் தேடும் பீக் காணாமல் போய்விடும். மருந்தைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே சோடியம் தயோசல்ஃபேட் போட்டுக் குளோரினை அடக்குங்கள், பின்னால் போட்டுப் பயன் இல்லை.

அப்புறம் எந்தக் கரைப்பானில் ஸ்பைக் செய்கிறீர்கள்? ஹெக்சேனில் இருக்கிற ஸ்டாண்டர்டை நேராகத் தண்ணீரில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹெக்சேன் தண்ணீரோடு கலக்காது, ஒரு துளி எண்ணெயாக மேலே மிதக்கும், மருந்து தண்ணீருக்குள் போகவே போகாது. பிறகு எக்ஸ்ட்ராக்‌ஷனுக்கு ஹெக்சேன் ஊற்றினால் அந்தத் துளி நேரே வந்து சேர்ந்துகொள்ளும், மீட்பு பிரமாதமாக இருக்கும், எதுவும் நிரூபணம் ஆகியிருக்காது. மெத்தனாலுக்கோ அசிட்டோனுக்கோ மாற்றிக்கொண்டு, ஒரு லிட்டருக்கு 1 மி.லி.யைத் தாண்டாமல், ஊசியின் முனை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி விடுங்கள். லிட்டருக்கு 1 மி.கி. செறிவுள்ள கரைசலில் 1 மி.லி. விட்டால் தண்ணீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், 100 மைக்ரோலிட்டர் விட்டால் 0.1 மைக்ரோகிராம். பாட்டில் குடிநீருக்கு ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் இருக்கிற வரம்பு இந்த 0.1தான், ஆகவே அந்த அளவில் கண்டிப்பாக ஒரு ஸ்பைக் இருக்கட்டும். 1000 மி.கி. ஸ்டாக்கிலிருந்து பார்த்தால் அது ஒரு கோடி மடங்கு நீர்த்தது. ஒரே தாவலில் போகாமல் மூன்று நான்கு படியில் இறங்குங்கள், ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

கடைசியாகப் பாட்டில். ஒரு லிட்டர் பாட்டிலிலிருந்து அரை லிட்டரைச் சாய்த்து எடுத்து எக்ஸ்ட்ராக்‌ஷன் செய்தால், சுவரில் ஒட்டியது சுவரிலேயே தங்கிவிடும். முழுப் பாட்டிலையும் பயன்படுத்துங்கள், காலியான பாட்டிலில் எக்ஸ்ட்ராக்‌ஷன் கரைப்பானையே கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டி.டி.டி.க்கும் பெரிய வளைய ஹைட்ரோகார்பன்களுக்கும் இந்த ஒரு வேலையே எண்ணைத் தூக்கிவிடும்.

காலாவதித் தேதி முடிந்த ஆம்பூலைத் திறக்காமல் வைத்திருக்கிறோம். பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், சேலம்

ரிப்போர்ட் கொடுக்கிற வேலைக்கு வேண்டாம். புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள், லேபிளில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு. திறந்துவிட்ட ஆம்பூலுக்கு அட்டையில் போட்டிருக்கிற தேதி செல்லாது. மிச்சத்தை வயலுக்கு மாற்றி மூடி, வயலோடு எடை போட்டு, எடையை லேபிளிலேயே எழுதுங்கள். அடுத்த முறை திறப்பதற்கு முன் மறுபடி எடை போடுங்கள். குறைந்திருந்தால் கரைப்பான் போயிருக்கிறது, மருந்து செறிவாகியிருக்கிறது, கொட்டிவிடுங்கள் (சாக்கடையில் அல்ல, கழிவுக் கேனில்).

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படிந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் 2017இல் கப்பல்கள் மோதியபோதும் அதே கதை. நாங்கள் சிலர் சேர்ந்து ஆற்று நீரை இரண்டு லேப்களுக்கு அனுப்பினோம். பல்வளைய ஹைட்ரோகார்பன் ஒன்றில் 'கண்டறியப்படவில்லை', இன்னொன்றில் கணிசமான அளவு. யாரை நம்புவது?
– ஒரு வாசகர், வடசென்னை

இரண்டு லேபுமே நேர்மையாக வேலை பார்த்திருக்கக்கூடும், அதனால் யாரையும் திட்டுவதற்கு முன் சில விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். வடிகட்டினார்களா? முகத்துவாரத்து நீரில் வண்டல் அதிகம், பெரிய வளையங்கள் எல்லாம் அதில்தான் ஒட்டியிருக்கும். வடிகட்டியவர் குற்றவாளியை வெளியே எறிந்துவிட்டுத் தண்ணீரை அளந்திருக்கிறார். எதில் எடுத்துப் போனீர்கள் என்று உங்களையும் கேட்க வேண்டும். பிளாஸ்டிக் கேனில் வெயிலில் வண்டியில் போயிருந்தால் இரண்டு எண்ணையும் மறந்துவிடுங்கள். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், ஐஸ், அன்றே லேபுக்கு, இதற்குக் குறைந்து வேண்டாம்.

பிறகு 'கண்டறியப்படவில்லை' என்றால் எந்த அளவுக்குக் கீழே என்று கேளுங்கள். அந்த எண் இல்லாத 'கண்டறியப்படவில்லை'க்கு அர்த்தமே கிடையாது. குடிநீருக்கு ஐ.எஸ். 10500 சொல்கிற மொத்தப் பல்வளைய வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். ஒரு லேபால் 1 மைக்ரோகிராமுக்கு மேல்தான் பார்க்க முடியும் என்றால், அதைவிடக் குறைவாக இருப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முகத்துவார நீர் குடிநீர் அல்ல, வரம்பை அப்படியே பொருத்த முடியாது, ஆனாலும் அளக்கும் திறனைப் புரிந்துகொள்ள அது உதவும்.

மூன்றாவதாக, உங்கள் சாம்பிளோடு அதே நாளில் ஓட்டிய ஸ்பைக்கின் மீட்பு எவ்வளவு, டியூட்டீரியம் ஏற்றிய உள் ஸ்டாண்டர்டு போட்டார்களா, செக் ஸ்டாண்டர்டின் லாட் எண் என்ன. டியூட்டீரியம் ஏற்றியது என்றால் ஹைட்ரஜனுக்குப் பதில் கனஹைட்ரஜன் வைத்த அதே மூலக்கூறு, எக்ஸ்ட்ராக்‌ஷன் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிடுவார்கள். வழியில் எவ்வளவு தொலைந்தது என்று அது காட்டிக்கொடுக்கும், மெஷின் இரண்டையும் நிறையை வைத்துப் பிரித்துப் பார்க்கும். என்.ஏ.பி.எல். (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், அந்த அங்கீகாரப் பட்டியலில் இந்தச் சோதனை, இந்த வகை நீருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுத்து டெஸ்ட் செய்தவர் நீங்கள், இவற்றைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. நல்ல லேப் தயங்காமல் கொடுக்கும்.

எங்கள் மாவட்டத்தில் உள்ள சில லேப்கள் சேர்ந்து ஒரு கலவையைத் தயாரித்துப் பகிர்ந்துகொண்டு, எண்களை ஒப்பிடலாம் என்று யோசிக்கிறோம். இதைச் சான்றளிக்கப்பட்ட பொருள் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?
– லேப் மேலாளர், கோவை

அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது, ஆனால் கட்டாயம் செய்யுங்கள். உள்தரக் கட்டுப்பாட்டுப் பொருள் என்று இதற்குத் தனி இடமே இருக்கிறது, எப்படிச் செய்வது என்று ஐ.எஸ்.ஓ. கைடு 80 என்ற ஆவணம் 2014இல் வந்தது. சான்றளிப்பது 17034 அங்கீகாரம் உள்ளவர்கள் வேலை. நம் நாட்டில் டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் பாரதிய நிர்தேஷக் த்ரவ்ய என்ற பெயரில் வெளியிடுகிற வரிசை இருக்கிறது. தேவைப்பட்டது அதில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் கலவைக்கு இரண்டு சோதனை போதும். எல்லா ஆம்பூலிலும் ஒரே அளவு இருக்கிறதா என்பது ஒன்று. மொத்த ஆம்பூல் எண்ணிக்கையின் கனமூலம் அல்லது 10, எது பெரியதோ அத்தனை ஆம்பூல்களைச் சோதிக்க வேண்டும் என்பது விதி, உங்கள் அளவுக்கு 10தான் வரும். அந்தப் பத்தை ஒரே டப்பாவிலிருந்து எடுக்காதீர்கள். முதலில் நிரப்பியது, நடுவில் நிரப்பியது, கடைசியில் நிரப்பியது என்று பரவலாக எடுங்கள், ஏனென்றால் நிரப்பிக்கொண்டே போகும்போது ஃபிளாஸ்கில் இருக்கும் கரைப்பான் ஆவியாகி, கடைசி ஆம்பூல்கள் செறிவாக இருக்கும். டைகுளோரோமீத்தேன், ஹெக்சேன் என்றால் இது நன்றாகவே தெரியும். ஃபிளாஸ்கை ஐஸில் வைத்து நிரப்புங்கள். உருக்கி மூடுவதற்கு முன் ஆம்பூலின் கழுத்தில் ஒரு சொட்டுகூட ஒட்டியிருக்கக் கூடாது, தீயில் கருகி உள்ளே கரி விழும்.

இரண்டாவது, எவ்வளவு நாள் தாங்கும் என்பது. இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று அளந்தால், மருந்து குறைந்ததா மெஷின் மாறியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சில ஆம்பூல்களை 40 டிகிரியில் எட்டு வாரம், சிலவற்றை நான்கு வாரம், சிலவற்றை இரண்டு வாரம் என்று முடிவுநாள் ஒன்றாக வரும்படி படிப்படியாக உள்ளே வைத்து, மிச்சத்தை எல்லாம் உறைபெட்டியில் வைத்து, கடைசியில் அத்தனையையும் ஒரே நாளில் ஒரே ஓட்டத்தில் அளந்துவிடுங்கள். அறைச் சூட்டில் ஒரு வாரம் தாங்குகிறது என்று தெரிந்துவிட்டால் கூரியரில் தைரியமாக அனுப்பலாம்.

பென்சோ-ஏ-பைரின் போன்றவற்றை மட்டும் பவுடராக வாங்கி எடை போட வேண்டாம் என்பது என் கண்டிப்பான அபிப்பிராயம். மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று வகைப்படுத்தப்பட்ட பொருள் அது, தராசைச் சுற்றிப் பறக்கிற தூளை யாரும் பார்க்க முடியாது. கரைசலாகவே வாங்கி நீர்த்துக்கொள்ளுங்கள். ஆம்பூலைத்தான் அனுப்ப வேண்டும், தண்ணீரை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு லேபும் தங்கள் தண்ணீரில் ஸ்பைக் செய்து, எண்ணோடு கூடவே எந்த பாட்டில், எந்தக் கரைப்பான், சேர்த்து எத்தனை மணி நேரம் கழித்து எக்ஸ்ட்ராக்‌ஷன் என்பதையும் எழுதி அனுப்பட்டும். எண்கள் விலகும்போது காரணம் பெரும்பாலும் அந்த மூன்று வரிகளில்தான் கிடைக்கும்.